கையில் ஒரு துண்டுக் கரும்பு: ஜானகி அம்மாளைப் பற்றிப் பேசப் போகிறவர்களுக்கு

நவம்பர் 4 நெருங்கினால் எனக்கு ஃபோன் வரத் தொடங்கிவிடும். "டீச்சர், ஜானகி அம்மாள் பிறந்த நாளுக்கு எங்க நூலகத்துல கூட்டம் வெச்சிருக்கோம். நான்தான் பேசணும். குறிப்பு இருந்தா அனுப்புங்க." போன வருடம் மட்டும் நான்கு பேர் கேட்டார்கள். முன்பெல்லாம் குறிப்பை அனுப்பிவிடுவேன். அதை அப்படியே மேடையில் வாசித்துவிடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு நிறுத்திக்கொண்டேன். எப்படித் தயாராவது என்பதை மட்டும் ஃபோனில் சொல்வேன். அதையே இப்போது எழுதி வைக்கிறேன்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். இந்த உரையை இதுவரை பதினொரு இடங்களில் பேசியிருக்கிறேன். வாசகர் வட்டம், மகளிர் குழு, இரண்டு கல்லூரிகள், ஒரு கோயில் மண்டபம் கூட உண்டு.

யாரைப் பற்றிப் பேச்சு என்று தெரியாதவர்களுக்கு: இ.கே. ஜானகி அம்மாள் 1897-ல் தலசேரியில் பிறந்தார். சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். செடிகளின் செல்லுக்குள் பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களை எண்ணுவதுதான் அவர் தொழில். கோவையில் கரும்பு, இங்கிலாந்தில் மக்னோலியா என்ற பூமரம், கடைசியில் கேரளத்து சைலன்ட் வேலிக் காட்டு மரங்கள் என்று வாழ்நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருந்தார். 1984 பிப்ரவரி 7 அன்று சென்னையை அடுத்த மதுரவாயலில் காலமானார்.

முதல் தடவை நான் பேசியது சரியாகப் போகவில்லை. காரணம் சொல்கிறேன், அதே தவறு உங்களுக்கு வேண்டாம்.

அன்றைக்குப் பிறப்பு 1897, ஹானர்ஸ் 1921, முதுகலை 1925 என்று வரிசையாக வருடங்களைச் சொல்லிக்கொண்டே போனேன். இருபதாவது நிமிடத்தில் பின்வரிசைப் பெண்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டத்தைத் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று, இணையத்தில் எங்கோ படித்த வரியைக் குரலை உயர்த்திச் சொன்னேன்: "இந்தியக் கரும்பை இனிப்பாக்கியதே ஜானகி அம்மாள்தான்!" கைதட்டல் வந்தது. அது அடங்கியதும் மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் மெல்ல எழுந்தார்.

"ஏனுங்க டீச்சர், எங்கப்பாரு கரும்புப் பண்ணையில வேலை பாத்தவருங்க. கோ 205 பதினெட்டாம் வருசமே வந்துருச்சுன்னு சொல்லுவாரு. அந்தம்மா அப்ப படிச்சுட்டு இருந்திருப்பாங்களே?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது 1912-ல். அங்கே விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் உருவாக்கிய கோ 205 என்ற கரும்பு ரகம் வெளிவந்தது 1918-ல். ஜானகி அம்மாள் அந்த நிலையத்தில் சேர்ந்ததோ 1934-ல். மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று இரவே உரையை முதலிலிருந்து எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு கேள்வி

அந்த இரவு எனக்குப் புரிந்தது இதுதான். வாழ்க்கை வரலாற்றை முழுக்கச் சொல்ல ஒரு மணி நேரம் போதாது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் போதும். நீங்கள் பேச எழுதுமுன் அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். என் கேள்வி: நுண்ணோக்கிக்குள் குரோமோசோம் எண்ணிக்கொண்டிருந்த ஒருவர், எண்பது வயதுக்கு மேல் ஏன் ஒரு காட்டுக்காகக் கவலைப்பட்டார்?

இதற்கு உதவாத எந்தத் தகவலையும் நான் சொல்வதில்லை. பட்டங்கள், பதவிகள், எந்தெந்த ஊர் ஆய்வகத்தில் எத்தனை மாதம் என்பதெல்லாம் அப்படித்தான் போயின. பத்மஸ்ரீ 1977-ல் கிடைத்தது என்பதைக்கூட யாராவது கேட்டால்தான் சொல்வேன். உங்கள் கேள்வி வேறாக இருக்கலாம். "ஒரு பெண் நூறு வருடம் முன்னால் எப்படித் தனியாகக் கடல் தாண்டிப் போய்ப் படித்தார்?" என்றும் கேட்கலாம். மகளிர் கல்லூரியில் அது நன்றாக எடுபடும். ஆனால் இரண்டு கேள்விகளையும் ஒரே உரையில் போட்டுக் கட்டாதீர்கள்.

பையில் என்னென்ன

ஒரு முழக் கரும்பு. ஒரு கட்டு நாணல். ஒரு சொம்பு நிறையப் புளியங்கொட்டை, எண்ணிப் போட்டது. செங்காந்தள் பூவின் படம் ஒன்று. வெங்காய வேர் நுனிச் செல்லின் பெரிய படம். அவ்வளவுதான் என் பை.

கரும்புக்கு நவம்பரில் கொஞ்சம் அலைய வேண்டும். பொங்கல் கரும்பு வந்திருக்காது. கரும்பு ஜூஸ் வண்டிக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் தோல் சீவாத ஒரு கழியை எடுத்துத் தருவார். நாணல் ஆற்றங்கரையில், வாய்க்கால் ஓரத்தில், வெள்ளைப் பூவோடு நிற்கும். அறுக்கும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், இலை விளிம்பு பிளேடு போலக் கையைக் கிழிக்கும். மேடைக்குக் கொண்டுவரும்போது ஒரு பழைய துண்டில் சுற்றிவிடுங்கள், முன்வரிசையில் குழந்தைகள் இருப்பார்கள்.

இவற்றை வைத்து எப்படித் தொடங்குவது? வணக்கம் சொன்னதும் நான் எதுவும் பேசுவதில்லை. வலது கையில் கரும்பு, இடது கையில் நாணல். "இது ரெண்டும் பங்காளிங்கன்னா நம்புவீங்களா?" என்று மட்டும் கேட்பேன். கூட்டத்தில் விவசாயிகள் இருந்தால் உடனே ஆமாம் என்பார்கள். நகரத்துக் கூட்டம் என்றால் ஒரு சிரிப்பலை ஓடும். எப்படியானாலும் கூட்டம் உங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

அப்புறம் கதையைச் சொல்லுங்கள். தடித்த கரும்பில் இனிப்பு உண்டு, ஆனால் அது செல்லப்பிள்ளை, நோய் வந்தால் தாங்காது. நாணலில் சாறும் கிடையாது, இனிப்பும் பேருக்குத்தான். ஆனால் வெள்ளம், வறட்சி, நோய் எதற்கும் அசையாது. 'வெள்ளை' என்ற நம்மூர்க் கரும்பையும் கோவைப் பக்கத்து நாணலையும் சேர்த்துத்தான் கோ 205 பிறந்தது. அது போய் நின்றது பஞ்சாபில். இன்றைக்கும் நம் ஊர்க் கரும்பு ரகங்களின் பெயரில் முன்னால் நிற்கும் 'கோ' கோயம்புத்தூர்தான். விவசாயிகள் தினமும் சொல்லும் பெயர்தான், ஆனாலும் இதைச் சொன்னதும் ஒரு சின்னப் பெருமிதம் அவர்கள் முகத்தில் வரும். அதற்காகவே நான் இதை விடுவதில்லை.

ஜானகி அம்மாள் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறார். பங்காளி என்று கண்ணால் பார்த்துச் சொன்னால் போதாது, செல்லுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். சொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். "மனுசனுக்கு 46 குரோமோசோம். கரும்புக்கு அதிகமா இருக்குமா, குறைவா இருக்குமா?" பத்தில் ஒன்பது பேர் குறைவு என்பார்கள். சொம்பைக் கவிழ்த்து எண்பது கொட்டையையும் மேசையில் கொட்டுங்கள். தடித்த கரும்பு இனத்துக்கு 80. மக்காச்சோளத்துக்கு 20, நெல்லுக்கு 24, வெங்காயத்துக்கு 16. நாணலுக்கோ ஒரே எண் கிடையாது. இடத்துக்கு இடம் மாறும், 40-ல் இருந்து 128 வரை. நொய்யல் கரை நாணலும் இமயமலை அடிவாரத்து நாணலும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், உள்ளே கணக்கு வேறு.

"அப்ப எண்ணிக்கை கூடுனா புத்தி கூடுமா?" என்று பையன்கள் கேட்பார்கள். கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். அந்தப் பாதையில் போனால் பத்து நிமிடம் காணாமல் போய்விடும்.

ஜானகி அம்மாள் கோவையில் கரும்பை மக்காச்சோளத்தோடு சேர்த்து ஒரு கலப்புச் செடியை உண்டாக்கினார். 1938-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் அது வெளியானது. அவருக்கு இது வெறும் வித்தை இல்லை. எந்தப் புல் எந்தப் புல்லுக்குச் சொந்தம், எது எதிலிருந்து வந்தது என்று தேடும் வழி. ஆகவே "இனிப்பாக்கினார்" என்று சொல்லாதீர்கள். "கரும்பின் வம்சாவளியைத் தேடினார்" என்று சொல்லுங்கள். அதுவே உண்மை, கேட்கவும் நன்றாக இருக்கிறது.

'முதல்' என்ற சொல்

இணையத்தில் ஜானகி அம்மாளைத் தேடினால் வரிக்கு வரி 'முதல் பெண்' என்று வரும். அமெரிக்காவில் தாவரவியலில் முனைவரான முதல் பெண், முதல் இந்தியப் பெண், முதல் ஆசியப் பெண் என்று ஆளுக்கு ஒன்றாக எழுதியிருப்பார்கள். இரண்டு நம்பகமான இடத்தில் ஒரே மாதிரி இல்லாத எதையும் உரையில் சேர்க்காதீர்கள். 'முதல்' என்ற சொல் இல்லாமலே அவர் கதை நிற்கும்.

குடும்பக் கதைகள் இரண்டு உண்டு, நான் மிகவும் விரும்பிச் சொல்பவை. ஓர் அணிலைப் புடவை மடிப்பில் மறைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வளர்த்தார், அதன் பெயர் கபோக். லண்டனில் குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வார், விடிந்ததும் உடைந்த கண்ணாடியைப் பெருக்கித் தள்ளிவிட்டு ஆய்வைத் தொடர்வார். இவை அவருடைய சொந்தக்காரர்கள் சொல்லி நமக்குக் கிடைத்தவை. ஆகவே "வீட்டாள்கள் சொல்வது" என்று முன்னால் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் சுவை குறையாது. பாட்டி சொன்ன கதை என்று கேட்பவர்கள் இன்னும் நெருங்கித்தான் வருவார்கள்.

பயணத்தை வேகமாகக் கடந்துவிடுங்கள்

1939-ல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார், போர் வெடித்தது, பிரிட்டனிலேயே தங்கிவிட்டார். 1940 முதல் 1945 வரை லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையம், அங்கே செல்லியல் அறிஞர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945-ல் வெளியிட்டார். பிறகு 1951 வரை இங்கிலாந்தின் விஸ்லியில் அரசத் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம். கரும்பலகையில் தலசேரி, சென்னை, மிச்சிகன், கோவை, லண்டன் என்று ஐந்து புள்ளி வைத்துக் கோடு போட்டால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

விஸ்லியில் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள், நம் ஆட்களுக்கு ஒரு பரிசு அங்கே இருக்கிறது. செடிகளின் குரோமோசோமை இரட்டிப்பாக்க அவர் பயன்படுத்திய மருந்தின் பெயர் கால்ச்சிசின். அது ஐரோப்பாவில் ஒரு கிழங்குப் பூச்செடியிலிருந்து எடுக்கப்பட்டது. அதே கால்ச்சிசின் நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. மூலனூர், தாராபுரம் பக்கம் பந்தல் கம்பியில் படரவிட்டுக் கண்வலிக்கிழங்கு என்று பயிர் செய்கிறார்களே, விதைக்கு நல்ல விலை கிடைக்கிறதே, அது இதற்காகத்தான். படத்தை உயர்த்திக் காட்டிவிட்டு இதைச் சொன்னால், கண்வலி போட்ட விவசாயி ஒருவராவது "அட!" என்பார். கிழங்கையோ விதையையோ மட்டும் கூட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். அது உயிரைக் குடிக்கும் விஷம், குழந்தைகள் இருக்கும் இடத்தில் படமே போதும்.

அந்த மருந்தைப் போட்டு அவர் வளர்த்த மக்னோலியாக்கள் விஸ்லியின் ஒரு குன்றுச் சரிவில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கின்றன. ஒரு வகைக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். கொடைக்கானலில் ரோஜா இனங்களை உருவாக்கும் வீரராகவன் தம்பதியும் ஒரு ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். பூவைப் பற்றிப் பேசும்போது பெரியம்மாக்கள் முகம் மலரும், அதனால் இதையும் சொல்லிவிடுவேன்.

எரிந்த மரம்

இனி மெதுவாகப் பேசுங்கள். உரையின் நெஞ்சு இதுதான். நாற்பது நிமிடப் பேச்சில் பதினைந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

மக்னோலியாவை எண்ணியவர் அதன் காட்டுச் சொந்தங்களைத் தேடி அசாம் மலைக்குப் போனார். ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தள்ளி, அந்தப் பகுதியிலேயே ஒற்றையாக நின்ற ஒரு மக்னோலியா மரம். போய்ப் பார்த்தால் அது எரிக்கப்பட்டிருந்தது. இதை டார்லிங்டனுக்கு ஒரு கடிதத்தில் எழுதினார்.

இதைச் சொல்லி முடித்ததும் நான் மேசையில் கிடக்கும் புளியங்கொட்டைகளைக் கையால் வழித்துச் சொம்பில் போட்டு மூடிவிடுவேன். விளக்கம் எதுவும் சொல்வதில்லை. 'பல்லுயிர்', 'சூழலியல் சமநிலை' போன்ற சொற்களை அந்த இடத்தில் போட்டால் மரம் மறைந்துபோய்ச் சொல்தான் நிற்கும். எண்ண வேண்டிய செடியே இல்லாவிட்டால் எண்ணிக்கை எங்கிருந்து வரும்? நாணல் இல்லாவிட்டால் கோ 205 எங்கிருந்து வந்திருக்கும்? கேள்வியோடு விடுங்கள், கூட்டம் தானாகவே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

அடுத்தது 1955. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஒரு பெரிய மாநாடு, மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றினான் என்பது பொருள். புவியியல், மானிடவியல், உயிரியல் என்று பல துறை அறிஞர்கள் கூடினார்கள், அவர்களில் அழைக்கப்பட்ட ஒரே பெண் இவர். இந்தியாவில் சந்தைக்கென்று இல்லாமல் தங்கள் தேவைக்கு விளைவித்தும் காட்டில் சேகரித்தும் வாழ்கிற மக்களைப் பற்றிப் பேசினார். இந்தப் பகுதி பாடம்போல் ஆகிவிடும் ஆபத்து உண்டு. அதனால் நான் கூட்டத்திடமே ஒரு கேள்வி கேட்பேன்: "நீங்க விதைக்காம, தண்ணி விடாம, வேலி ஓரத்துல பறிச்சுக் கடைஞ்சு சாப்பிட்ட கீரை பேரு சொல்லுங்க." தொய்யக் கீரை, பண்ணைக் கீரை, சுக்குட்டிக் கீரை, மூக்கிரட்டை, குப்பைக் கீரை என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல்கள் வரும். ஒருமுறை பதினேழு பெயர் வந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன், எழுத இடமில்லாமல் போயிற்று. "இந்தப் பட்டியல்ல இருக்கற அறிவைத்தான் ஜானகி அம்மாள் பிரின்ஸ்டன்ல எடுத்து வெச்சாங்க" என்றால் மாநாடு, அறிக்கை எதுவும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு சைலன்ட் வேலி. பெயரைச் சொன்னதும் எங்கே இருக்கிறது என்றும் சொல்லுங்கள். ஆனைக்கட்டி தாண்டி அட்டப்பாடி வழியாகப் போனால் முக்காலி, அங்கிருந்து காட்டுக்குள் போகும் பாதை. நீலகிரிக்குத் தென்மேற்கே ஒட்டியிருக்கும் மழைக்காடு. உள்ளூரில் அதற்குச் சைரந்திரி வனம் என்று பெயர், ஓடும் ஆறு குந்திப்புழை. பாரதக் கூத்துப் பார்த்த பெரியவர்கள் கூட்டத்தில் இருந்தால் இங்கே ஒரு நொடி நிறுத்துங்கள். சைரந்திரி என்றால் விராடன் வீட்டில் மறைந்திருந்த பாஞ்சாலி என்று அவர்களே பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வார்கள்.

அந்த ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973-ல் அனுமதி கிடைத்தது. சிங்கவால் குரங்கு வாழும் காடு நீரில் மூழ்கும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது, கவிஞர்கள் பாடினார்கள், பறவை அறிஞர் சலீம் அலி போன்றவர்கள் எழுதினார்கள். ஜானகி அம்மாளும் அதில் ஒருவர். அப்போது அவர் மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் கள ஆய்வகத்தில் மருந்துச் செடிகளோடு இருந்தார். முதுமையில் மஞ்சள் புடவை, அதே நிறத்தில் நீளமான ரவிக்கை. காட்டை நீர் மூடுவதற்குள் அங்கே நிற்கும் மரங்களின் குரோமோசோம்களை எண்ணிவிடுவது என்று முடிவு செய்தார். துணிச்சலான காரியம் ஒன்றைத் தொடங்கப் போகிறேன் என்று கடிதத்தில் எழுதினார்.

"சைலன்ட் வேலியைக் காப்பாற்றியவர் ஜானகி அம்மாள்" என்று சொல்லிவிடாதீர்கள். கரும்பு விஷயத்தில் நான் விழுந்த குழி இதுதான். அது நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து செய்த வேலை. அவர்களில் ஒருவர் என்பதே போதுமான பெருமை. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அது தேசியப் பூங்கா ஆனது. அவர் இறந்தது அந்த வருடம் பிப்ரவரியில். இந்த இரண்டு தேதியையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு, நான் பேச்சை நிறுத்திவிடுவேன்.

கேள்வி நேரம்

மூன்று கேள்விகள் தவறாமல் வரும். பதிலை முன்பே யோசித்து வையுங்கள்.

"கல்யாணம் பண்ணிக்கலைங்களா?" இதை எப்போதும் வயதான அம்மா ஒருவர்தான் கேட்பார். கோபப்படாதீர்கள். அவர்கள் காலத்தில் அந்தக் கேள்வியைத் தாண்டி ஒரு பெண்ணின் வாழ்க்கையை யோசிக்க வழியே இருந்ததில்லை. "இல்லைங்க பெரியம்மா, படிப்புத்தான் வேணும்னு இருந்துட்டாங்க" என்று சொல்லுங்கள். ஒருமுறை அப்படிச் சொன்னதும் அந்தப் பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பவே விட்டாங்களா அவங்க வீட்டுல?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த ஏக்கம் இன்னும் என் காதில் இருக்கிறது. "வீட்டுல படிக்க வெச்சாங்க பெரியம்மா" என்றேன். தந்தை கிருஷ்ணன் நீதித்துறையில் இருந்தவர், செடிகளிலும் பறவைகளிலும் ஆர்வம் உள்ளவர். அதை விரிவாகச் சொல்லத் தயாராக இருங்கள், மகளைப் பெற்ற அப்பாக்கள் கவனமாகக் கேட்பார்கள்.

"அவங்க என்ன சாதி?" இதுவும் வரும். சிலர் நோண்டிப் பார்க்கக் கேட்பார்கள், சிலர் உண்மையான அக்கறையில் கேட்பார்கள். நான் முன்பு இதை மழுப்பினேன். இப்போது நேராகச் சொல்கிறேன்: தீயர் குடும்பத்தில் பிறந்தவர், அக்காலச் சாதி வரிசையில் கீழே வைக்கப்பட்ட சமூகம், சாதியும் பெண் என்பதும் சேர்ந்து தடுத்த காலத்தில் இவ்வளவும் செய்தார். மழுப்பினால் அவர் கடந்து வந்த தூரத்தில் பாதி தெரியாமல் போய்விடும்.

மூன்றாவது, "எம் பொண்ணும் இதெல்லாம் படிக்கலாமுங்களா?" இதற்கு மேடையிலிருந்து பொதுவாகப் பதில் சொல்லாதீர்கள். கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் உட்கார வைத்து, எந்த வகுப்பு, என்ன பாடப்பிரிவு என்று கேட்டுப் பேசுங்கள்.

சின்னச் சின்ன ஏற்பாடுகள்

அழைப்பிதழில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று பாருங்கள். நான்கு வாழ்த்துரை இருந்தால் உங்கள் நாற்பது நிமிடம் இருபதாகும். எதை வெட்டுவது என்று வீட்டிலேயே முடிவு செய்து வையுங்கள். நான் லண்டனை வெட்டுவேன், எரிந்த மரத்தை ஒருபோதும் வெட்ட மாட்டேன். திரையில் படம் காட்டுவதாக இருந்தால் ஆறு படத்துக்கு மேல் வேண்டாம், விளக்கை அணைத்தால் முகங்கள் தெரியாது, முகம் தெரியாமல் பேசுவது கஷ்டம். 'குரோமோசோம்' என்றே சொல்லுங்கள், பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கும் சொல் அது. அதற்கு அழகான தமிழ்ச்சொல் தேடி அலைந்தால் கூட்டத்தில் பாதிப்பேரை இழப்பீர்கள்.

நுண்ணோக்கி கொண்டுபோக ஆசையாக இருக்கும். நானும் கொண்டுபோனேன். அறுபது பேர் வரிசையில் நின்றார்கள், ஆளுக்கு ஒரு நிமிடம், ஒரு மணி நேரம் போயிற்று, பாதிப்பேருக்குக் கண் இமைதான் தெரிந்தது. இப்போது வெங்காய வேர் நுனிச் செல்லின் படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து வாசல் பக்கம் ஒட்டிவிடுகிறேன். கூடவே ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவேன். எண்ணிப் பார்த்து எண்ணை எழுதச் சொல்லி ஒரு காகிதம். கூட்டம் முடிந்ததும் கரும்பைத் துண்டு போட்டுக் கொடுத்துவிடலாம். கத்தி கொண்டுபோக மறக்காதீர்கள்.

போன வருடம் ஒரு நூலகத்தில் எல்லோரும் கலைந்து, நான் நாணலைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஏழாவது படிக்கும் ஒரு பெண் அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சர், நீங்க பதினாறுன்னு சொன்னீங்க. எனக்குப் பதினஞ்சுதான் வருது."

"எங்கயாச்சும் ஒண்ணு மேல ஒண்ணு கெடக்கும் கண்ணு. மறுபடி எண்ணிப் பாரு."

கரும்புத் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு, பென்சில் முனையை ஒவ்வொன்றின் மேலும் வைத்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். நூலகர் சாவியோடு வாசலில் நின்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று கையால் காட்டினேன்.